ஒன்பதாம் கேள்வி

வியாழக்கிழமை பிற்பகல்களில் டாக்டர் சுந்தரத்தின் கிளினிக்குக்கு வந்த முப்பத்தாறு பேருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, எங்கும் வலி இல்லை. தூக்கம் மட்டும் இல்லை.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம் அந்தக் கிளினிக். முன்னால் மரபெஞ்சுகள், நடுவில் டாக்டரின் அறை, அதை ஒட்டி மருந்து கொடுக்கும் சன்னல். அந்தச் சன்னலுக்குப் பின்னால் ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருந்தவர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்து நான்கு வயது. மருந்து எடுத்துக் கொடுப்பவரைச் சிங்கப்பூரில் டிரெஸ்ஸர் என்பார்கள். வந்தவர்களுக்கு அவர் டிரெஸ்ஸர் ஐயா. மாடியில் இரண்டு அறைகளில் அவரும் மனைவி கமலாம்பிகையும் குடியிருந்தார்கள். வீடு டாக்டருடையது, வேலையோடு சேர்ந்து வந்தது. மாடிப்படி மருந்து அறைக்குள்தான் இறங்கியது. வேறு வழி இல்லை. கமலாம்பிகை தேக்கா சந்தைக்குப் போவதானாலும் மருந்துப் புட்டிகளைத் தாண்டித்தான் தெருவுக்கு வரவேண்டும்.

1959ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று டாக்டரைத் தேடி வந்தது. தூக்கத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை செய்திருந்தார்கள். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பதினேழு என்ற எண் மட்டும் இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் எந்த மருந்துக்கடையிலும் வாங்கலாம் என்ற நிலைக்கு அது வருவதற்கு முன், பல ஊர்களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும். சிங்கப்பூரில் முப்பத்தாறு பேர், பன்னிரண்டு வாரம். அதில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை. மீதிப் பேருக்கு அதே அளவு, அதே வெள்ளை நிறத்தில் வெறும் சுண்ணாம்பு மாத்திரை. யாருக்கு எது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆளுக்கு ஓர் எண் போட்ட பொட்டலம். எண்களுக்கான பட்டியல் ராஃபிள்ஸ் பிளேஸில் கம்பெனியின் இரும்புப்பெட்டியில், அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் இருந்தது.

ஏரம்பமூர்த்திக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத ஏற்பாடு என்று மனைவியிடம்கூடச் சொன்னார். வாராவாரம் ஒவ்வொருவரிடமும் ஒன்பது கேள்விகள் கேட்டுப் பெரிய நீலப் புத்தகம் ஒன்றில் எழுதவேண்டியது அவர் வேலை. எத்தனை மணிக்குப் படுத்தார், எவ்வளவு நேரத்தில் தூங்கினார், இடையில் எத்தனை முறை விழித்தார் என்று எட்டுக் கேள்விகள் தூக்கத்தைப் பற்றியவை. ஒன்பதாவது, மருந்தினால் உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்பது.

தடுமாற்றம் முதல் வியாழக்கிழமையே வந்தது. சந்தையில் காய்கறி விற்கும் பூவம்மா என்ற பெண்ணிடம் பொட்டலத்தை நீட்டியபடியே, இதைச் சாப்பிட்டு ஏதாவது தொந்தரவு வந்தால் அடுத்த வாரம் கேட்பேன், மறைக்காமல் சொல்லவேண்டும் என்றார். நீட்டிய கையைப் பூவம்மா மடக்கிக்கொண்டாள்.

"மருந்தைக் கையில குடுக்கறப்பவே தொந்தரவுன்னு பேசறீங்களே ஐயா. உங்க வாயாலயா இது வரணும்?" என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனவள் திரும்ப வரவில்லை.

அவள் சொன்னது அந்த பெஞ்சுகளில் இருந்த எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஏரம்பமூர்த்திக்குக் கைராசி என்று பெயர். அவர் கையால் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினால் போதும், இறங்கிவிடும் என்பார்கள். அவர் சாப்பிடப் போயிருக்கும்போது நர்ஸ் அன்னம்மா சன்னலில் நின்றால், அவர் வரட்டும் என்று அரைமணி நேரம் காத்திருப்பார்கள். மருந்து கொடுக்கும் கை நல்ல வார்த்தையோடு கொடுக்கவேண்டும். சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தால்தான் அது மருந்து. கொடுக்கும்போதே கெடுதலைப் பற்றிக் கேட்டால் கெடுதல் வந்துவிடும். ஏரம்பமூர்த்தி இதை நம்பினார் என்று சொல்ல முடியாது. ஒன்பது வருடத்தில் அது அவருக்குப் பிடிக்காமலும் இல்லை.

ஓர் ஆள் குறைந்ததில் டாக்டருக்கு வருத்தம். கம்பெனிக்கு முப்பத்தாறு பேர் வேண்டும். பூவம்மாவுக்குப் பதிலாக வேறொருவரைத் தேடிப் பிடித்தார்கள். அதன்பின் ஏரம்பமூர்த்தி எட்டுக் கேள்விகளைக் கேட்டார். ஒன்பதாவதைக் கேட்காமலே, அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். யாருக்காவது தொந்தரவு இருந்தால் அவர்களே சொல்லமாட்டார்களா என்று நினைத்துக்கொண்டார். முப்பத்தாறு பேர், வாரம் ஒருமுறை. எட்டு வாரம் முடிந்தபோது அந்தச் சொல்லை இருநூற்று எண்பத்தெட்டு முறை எழுதியிருந்தார்.

ஒன்பதாவது வாரம் துரைசாமி சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தார். செம்பவாங் கடற்படைத் தளத்தில், கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இரவு வேலை. நாற்பது வயதுக்குள் இருக்கும். கப்பலின் பக்கவாட்டில் கட்டிய சாரத்தில் ஏறி மின்கம்பி இழுக்கிறவர். பகலில் தூங்கவேண்டிய ஆள். ஆனால் குடியிருப்பில் பக்கத்து வீட்டு வானொலி, பிள்ளைகள் சத்தம், தகரக்கூரைச் சூடு. ஏழு மாதம் சரியான தூக்கம் இல்லாமல், ஒரு நாள் சாரத்தின் மேலேயே கண்ணயர்ந்துவிட்டார். கீழே நாற்பதடிப் பள்ளம். பக்கத்தில் இருந்தவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அந்த வாரமே பஸ் ஏறி டாக்டர் சுந்தரத்திடம் வந்தார். அந்த முப்பத்தாறு பேரில் மருந்தை அவரைப்போல் நம்பியவர் இல்லை.

"எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

"காலையில எட்டு."

"எழுந்தது?"

"மூணு மணி. பக்கத்து வீட்டுல ரேடியோ கத்துது, எனக்கு ஒண்ணும் தெரியல லா. பொணம் மாதிரி கிடந்தேன்னு வீட்டுல சொல்றாங்க. அவங்களுக்குப் பயம், எனக்குச் சந்தோஷம்."

ஏரம்பமூர்த்தி சிரித்தபடி எழுதிக்கொண்டிருந்தார். அப்போது மயிர் கருகும் வாடை வந்தது. ஸ்பிரிட் விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்தார், எரியவில்லை. மறுபடி துரைசாமியைப் பார்த்தார். அவர் விரல்களுக்கு இடையில் இருந்த சிகரெட் அடிவரை எரிந்து, நெருப்பு தோலில் உட்கார்ந்திருந்தது. தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது. துரைசாமி அடுத்த கேள்விக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு புன்னகையோடு இருந்தார்.

"கை" என்றார் ஏரம்பமூர்த்தி.

துரைசாமி குனிந்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்தார். சிகரெட்டை உதறினார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஏரம்பமூர்த்தி சன்னலைச் சுற்றி வெளியே வந்து அந்தக் கையை இழுத்துப் பார்த்தார். இதே மாதிரி ஆறிப்போன தழும்புகள் மூன்று இருந்தன. சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து விரல் நுனியில் குத்தினார். இரண்டாவது கணு வரைக்கும் துரைசாமியின் கண் இமைக்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்டதற்கு, கரன்ட் வேலை செய்கிறவன் கை அப்படித்தான் இருக்கும், கையுறைக்குள்ளேயே கிடந்து மரத்துப்போகும் என்றார். பிறகு பொட்டலத்துக்கு நல்ல கையை நீட்டினார்.

"மருந்து மேல பழி போட்டுடாதீங்க ஐயா. இதை நிறுத்தினா நான் தொலைஞ்சேன்."

ஏரம்பமூர்த்தி கொடுத்தார். கொடுத்துவிட்டு, கட்டத்தில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

மாலையில் டாக்டரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சுந்தரம் கெட்டவர் அல்லர். ஏழை நோயாளிகளிடம் பாதிக் கட்டணமே வாங்குகிறவர். கேட்கவும் பொறுமை உள்ளவர். நீலப் புத்தகத்தை வாங்கித் துரைசாமியின் பக்கத்தைத் திருப்பினார். விரலால் ஒன்பதாவது கட்டங்களை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார்.

"எட்டு வாரமும் 'இல்லை'ன்னுதான் சொல்லியிருக்காரு. மருந்தால வந்திருந்தா கொஞ்சங்கொஞ்சமா வந்திருக்கணும். மூணாவது வாரம் லேசா, அஞ்சாவது வாரம் அதிகமா. இது அப்படி இல்ல. மின்சார வேலை, ஈயம், சாராயம், ஏதோ ஒண்ணு. மிஸ்டர் மூர்த்தி, நீங்க எழுதி வெச்சது இவ்வளவு சுத்தமா இருக்கறதாலதான் இதை நிச்சயமாச் சொல்ல முடியுது."

அவருக்குச் சுண்ணாம்பு மாத்திரையாகவும் இருக்கலாம் அல்லவா என்றார் டாக்டர் மேலும். அதைத் தெரிந்துகொள்ள உறையைப் பிரிக்கவேண்டும். பிரித்தால் மொத்தச் சோதனையும் வீண். வேலையிடத்தில் வரும் கோளாறுக்கெல்லாம் அப்படிப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது.

ஏரம்பமூர்த்தியின் வாய்வரை வந்தது. நான் கேட்கவே இல்லை டாக்டர் என்று நாலு வார்த்தை. டாக்டர் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். ஏரம்பமூர்த்தி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். துரைசாமிக்கு எதிராகச் சாட்சி சொன்னது ஏரம்பமூர்த்தியின் கையெழுத்தேதான். அதில் எழுதியது பொய் என்று சொன்னால் மீதி எட்டுக் கேள்விகளையும் யாரும் நம்பப்போவதில்லை. அவரையும் நம்பப்போவதில்லை. ஐம்பத்து நான்கு வயதில், பொய் எழுதினான் என்று வெளியே அனுப்பப்பட்ட டிரெஸ்ஸரை எந்த மருந்துக்கடை சேர்த்துக்கொள்ளும்? மாடிப்படி ஏறும்போது பதின்மூன்று படிகளையும் அவர் எண்ணியதை அவரே கவனிக்கவில்லை.

கமலாம்பிகை புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னப்பா, சாப்பாட்டைப் பாக்கிறியளோ, தின்னப் போறியளோ?"

"பசி இல்லை."

"கீழை ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பிழை" என்றார். அவளுக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் அவரால் முடியவில்லை.

பத்தாவது வாரம் அவர் ஒரு முடிவோடு சன்னலில் நின்றார். பொட்டலத்தைக் கொடுத்து, அவர்கள் அதைப் பைக்குள் வைத்த பிறகு, எழுந்து போகப்போகும் நேரத்தில், பேச்சுவாக்கில் கேட்பதுபோல் ஒன்பதாவது கேள்வியைக் கேட்டார். ஒருவர்கூடத் தொந்தரவு உண்டு என்று சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள். நாரிஸ் ரோட்டில் ஒரு வீட்டில் சமையல் செய்யும் மங்களம் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க கையால குடுத்ததுல என்ன குறை வரப்போவுது? அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும்."

ஆக, கேட்டாலும் அதே பதில். இத்தனை நாள் அவருக்குப் பெருமையாக இருந்த கைராசியே இப்போது அவர்கள் வாயைக் கட்டிவிட்டது. குறை சொன்னால் மருந்தைக் குறை சொன்னதாக ஆகாது. அவரைக் குறை சொன்னதாக ஆகிவிடும். உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில், வாயால் வராத பதிலைக் கையால்தான் வாங்கவேண்டும் என்று தோன்றியது.

டாக்டர் வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். பதினோராவது வாரம் அந்த நேரம் பார்த்து, எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த நானாவிடம் சொல்லி வைத்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி, கம்பெனி உபயம், கொதிக்கக் கொதிக்க, பிடியில்லாத கண்ணாடிக் கிளாசில்.  தட்டில் எட்டெட்டாகக் கிளாஸ்கள் வந்தன.

அந்தக் கிளாசை எப்படிப் பிடிப்பது என்று சிங்கப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டைவிரலை விளிம்பிலும் நடுவிரலை அடியிலும் கொடுத்து, நடுவில் தொடாமல் தூக்குவார்கள். அப்படியும் சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றுவார்கள், ஊதுவார்கள், பெஞ்சில் வைத்துவிட்டு விரலைக் காதில் ஒற்றிக்கொள்வார்கள். ஏரம்பமூர்த்தி சன்னலுக்குப் பின்னால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முகங்களைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தார்.

மங்களம் அம்மாள் கிளாசை ஐந்து விரலாலும் வளைத்துப் பிடித்திருந்தாள், குளிர்ந்த மோரைப் பிடிப்பதுபோல. அப்படியே பக்கத்துப் பெண்ணிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டதும் திடுக்கிட்டுக் கிளாசைப் பார்த்தாள்.

"தொட்டா ஆறின மாதிரி இருக்கு, குடிச்சா இப்படிக் கொதிக்குது. என்ன கிளாசு இது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுப்படியில் நாள் முழுக்க நிற்கிறவள்.

அப்படிப் பிடித்தவர்கள் எட்டுப் பேர். துரைசாமியோடு ஒன்பது. ஏரம்பமூர்த்தி அவர்களின் பொட்டல எண்களைப் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதினார். மீதி இருபத்தேழு பேரும் விரலை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரும் மின்சார வேலை செய்கிறவர்கள் அல்லர். ஒருத்தி சமையற்காரி, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் ஜாலான் புசாரில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடைக்காரர். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது அந்த வெள்ளை மாத்திரையும் அதைக் கொடுத்த கையும்தான்.

அன்று பொட்டலங்களைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு யோசனையும் வந்தது. அலமாரியில் சுண்ணாம்பு மாத்திரை ஒரு புட்டி நிறைய இருந்தது, கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது; அளவிலும் ஏறக்குறைய அப்படியே. அந்த ஒன்பது பொட்டலங்களில் இருப்பதைக் கொட்டிவிட்டு இதைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. கைராசியை நம்பி அவர்கள் தூங்கினாலும் தூங்கிவிடுவார்கள். அறுபத்து மூன்று மாத்திரைகளை எண்ணி ஒரு தாளில் கொட்டியும் விட்டார். அப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. இவர்கள் தப்பிக்கலாம். ஆனால் புத்தகம் இன்னும் சுத்தமாகிவிடும். நன்றாகத் தூங்கினார்கள், தொந்தரவு இல்லை என்று கடைசி வாரம்வரை எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு கம்பெனி அந்த மாத்திரைக்கு ஒரு பெயர் வைக்கும். முகம் தெரியாத ஊர்களில் முகம் தெரியாத டாக்டர்கள் சீட்டு எழுதுவார்கள். எண்ணிய மாத்திரைகளைத் திரும்பப் புட்டிக்குள் போட்டு மூடினார். அந்த ஒன்பது பேருக்கு மட்டும், பொட்டலம் இன்னும் வரவில்லை, சனிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதுவும் பொய்தான். அவர்கள் அதையும் நம்பினார்கள்.

ஐந்து மணிக்கு டாக்டர் திரும்பி வந்தபோது கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. கம்பெனிக்காரர்கள் மிகவும் திருப்தியாக இருக்கிறார்கள் என்றார். அடுத்தது பெரிய சோதனை. துறைமுகத்திலும் கப்பல் துறையிலும் இரவு வேலைக்காரர்கள் நானூறு பேருக்குக் கொடுக்கப்போகிறார்கள். புத்தகம் எழுதிய டிரெஸ்ஸர் கையெழுத்துப் போடவேண்டிய உறுதிமொழி இந்தத் தாள். பன்னிரண்டாவது வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே போட்டுவிடலாம்.

தாளில் நாலே வரி. ஒன்பது கேள்விகளையும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வாரமும் நானே நேரில் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையே எழுதினேன்.

ஏரம்பமூர்த்தி அதை இரண்டு தரம் படித்தார். பேனாவை எடுத்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே, முதல் வியாழக்கிழமை பூவம்மா கையை மடக்கியதிலிருந்து இன்று மங்களம் அம்மாள் கிளாசைப் பிடித்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"தேத்தண்ணிக் கிளாசைப் பிடிச்சாங்கன்னு நான் கம்பெனிக்கு எழுதணுமா?"

"எழுதலாம் டாக்டர். நான் கேக்கலைன்னும் எழுதணும்."

"எழுதினா யாரு மாட்டுவாங்கன்னு தெரியுமா? மருந்து இல்ல. நீங்க. அப்புறம் நான். என் கிளினிக்ல பொய்யா எழுதினாங்கன்னு ஊரெல்லாம் பேசும். யாரும் இங்க வரமாட்டாங்க." அவர் குரல் உயரவில்லை. கெஞ்சுவதுபோல்கூட இருந்தது. "துரைசாமி பேருல மட்டும் ஒரு குறிப்புப் போட்டுடுவோம். மத்தது அப்படியே இருக்கட்டும். கையெழுத்துப் போடுங்க, மிஸ்டர் மூர்த்தி."

"போடமாட்டேன்."

டாக்டர் அவரிடமிருந்து நீலப் புத்தகத்தை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சனிக்கிழமை முதல் அன்னம்மா சன்னலில் நிற்பாள் என்றார். மாடியை மாதக் கடைசிக்குள் காலி செய்தால் போதும், அவசரமில்லை. அதுவரைக்கும் கிளினிக் நேரத்தில் படியிறங்கி இந்தப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது.

அதன்படிப் பார்த்தால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை ஏரம்பமூர்த்தி மாடியிலேயே இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் அப்படி இருந்தார். பலகைத் தரை வழியாகக் கீழே இருந்து ஒவ்வொரு சத்தமும் வந்தது. புட்டி மூடி திருகும் சத்தம், அன்னம்மாவின் செருப்பு, டிரெஸ்ஸர் ஐயா எங்கே என்று யாரோ கேட்பது, லீவில் இருக்கிறார் என்று அவள் சொல்வது. ஏரம்பமூர்த்தி எழுதிவைத்த ஒன்பது எண்களும் பூட்டிய இழுப்பறையில் இருந்தன. அவர் மனத்திலும் இருந்தன. ஆனால் அவர் மனத்தில் இருப்பதை யாரிடம் காட்டுவது?

கமலாம்பிகைக்கு இப்போது எல்லாம் தெரியும். அவள் அழவில்லை. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேக்காமல் விட்டது பிழைதானே" என்றாள்.

"பிழைதான்."

"அப்ப போய்க் கேளுங்கோ. இஞ்ச இருந்து கூரையைப் பாத்து என்ன பலன்? கீழை கதவு திறக்க முந்தி இறங்கிப் போங்கோவன்."

சனிக்கிழமை எட்டரை மணிக்கே அவர் இறங்கிப்போய் எதிர்த்த தேநீர்க்கடையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கிளினிக் வாசல் தெரியும். பத்து மணிக்கு மங்களம் அம்மாள் வந்தாள், உள்ளே போனாள், பொட்டலத்தோடு வெளியே வந்தாள். வாசலில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரைக் கண்டுவிட்டு, வந்துகொண்டிருந்த டிராலி பஸ்ஸை நிற்கவைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தாள்.

"அந்தப் பொண்ணு குடுத்துச்சு ஐயா. மனசுக்கு ஒப்பல. நீங்க ஒரு தடவை கையில வாங்கிக் குடுத்துடுங்க."

அவர் வாங்கினார். திருப்பிக் கொடுக்கவில்லை. மேசையில் தன் பக்கமாக வைத்துக்கொண்டு, இதை இனிமேல் சாப்பிடக்கூடாது என்றார், யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும். அவள் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. உங்கள் மேல் குறை சொன்னேன் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை, குறை சொல்லாததுதான் குறை என்றார். அவளுக்குப் புரியவைக்க ஒரு தேத்தண்ணி வாங்கவேண்டியிருந்தது. கிளாசை அவள் ஒரு கையால் பிடித்ததும் அவர் தன் விரலை அதே கிளாசில் வைத்து, தாங்காமல் எடுத்துக் காட்டினார். மங்களம் அம்மாள் தன் ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

பிற்பகலுக்குள் அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் ரோட்டைக் கடந்து அவரிடம் வந்துவிட்டார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: ஒரு தடவை தொட்டுக் கொடுங்கள். ஏழு பொட்டலங்கள் மேசையில் சேர்ந்தன.

துரைசாமி எட்டாவதாக மூன்று மணிக்கு வந்தார். இரண்டு நாளாக மாத்திரை இல்லை. கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. பொட்டலத்தை நீட்டினார், ஏரம்பமூர்த்தி வாங்கி மற்றவற்றோடு வைத்ததும் அவர் கையைத் தட்டிவிட்டு அதைத் திரும்ப எடுக்கப் பார்த்தார்.

"குடுங்க ஐயா. ராத்திரி மேல ஏறணும். தூக்கமில்லாம ஏறினா விழுவேன்."

"விரல்ல உணர்ச்சி இல்லாம ஏறினாலும் விழுவீங்க. கம்பியைப் பிடிச்சிருக்கோமா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

துரைசாமி மேசைக்கு அடியில் தன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார், அவை இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல.

"இப்படிப் போனாலும் அடைப்பு, அப்படிப் போனாலும் அடைப்பு. நான் என்னதான் செய்யறது?"

அதற்கு ஏரம்பமூர்த்தியிடம் மருந்து இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார், திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், அதுவரை வேலைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அங்கே யார் தன்னை நம்புவார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை. பூட்டிய புத்தகத்தில் முன்னூறுக்கும் மேலான தடவை 'இல்லை' இருக்கிறது. வெளியே எட்டுப் பொட்டலம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.

நானாவிடம் ஒரு பென்சில் வாங்கினார். துரைசாமியின் பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு, எண் போட்ட தாளை மேசையில் விரித்து நீவினார்.

"இந்த மருந்தால உங்க உடம்புல ஏதாவது தொந்தரவு உண்டா? என்னை நெனச்சு மறைக்காதீங்க. தப்பு என்னோடது."

துரைசாமி ரோட்டைப் பார்த்தார். 

"மூணாவது வாரம்" என்றார். "முதல்ல கால்ல. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமலே பஸ் ஏறிட்டேன், வீட்டுக்கு ஒத்தைச் செருப்போட போனேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சுண்டுவிரல்…"

"மெதுவா சொல்லுங்க" என்றார் ஏரம்பமூர்த்தி. தாள் சின்னது. அவர் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டார்.